ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடியது யாருடைய பாட்டு?

#1 பழையதட்டு

ஒரு மாதமாக அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸைத் தவிர வேறு யாரையும் கேட்கவில்லை. 1927 ஆகஸ்டில் முதல் பதிவு, 1933 மே மாதத்தில் கடைசிப் பதிவு. இடையில் ஆறு வருடம்கூட முழுதாக இல்லை. அதற்குள் 110 பாட்டுகள் அளவுக்குப் பாடிவிட்டுப் போய்விட்டார். பதிவான தேதி வரிசையிலேயே கேட்டேன். முடிவை நெருங்க நெருங்க அவர் மூச்சு குறைவது காதுக்கே தெரிகிறது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் கன்ட்ரி மியூசிக் என்ற பெயர் நிலைபெறுவதற்கு முன்பே அதில் பெரிய நட்சத்திரமானவர். 1961-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட மூவரில் ஒருவர். மற்ற இருவர் ஹாங்க் வில்லியம்ஸும் ஃப்ரெட் ரோஸும்.

பிறந்தது 1897 செப்டம்பர் 8. மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் அவருடைய ஊர். பக்கத்து மாநிலமான அலபாமாவின் கைகர் என்ற சிற்றூரும் அவர் எங்கள் மண்ணில் பிறந்தவர் என்று உரிமை கொண்டாடுகிறது. சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட்டார். அப்பா ஏரன், மொபைல் அண்ட் ஒஹையோ ரயில்பாதையில், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்குக்கு மேஸ்திரி. பையன் உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தான். பதின்மூன்று வயதில் அண்ணியின் படுக்கை விரிப்புகளை எடுத்துக் கூடாரம் தைத்து, ஊர் ஊராக ஆடல் பாடல் நடத்தக் கிளம்பிவிட்டான். பிறகு மருந்து விற்கும் கூத்துக் கோஷ்டியோடு ஓடினான். அப்பா தேடிப் பிடித்து இழுத்து வந்து, இனி என் கண் முன்னால் இரு என்று ரயில்பாதையில் தண்ணீர் ஊற்றும் வேலைக்குச் சேர்த்தார்.

கேங்கில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளிகள். கடப்பாரையைத் தண்டவாளத்தின் அடியில் கொடுத்து, ஒருவர் பாட, மற்றவர்கள் அந்தத் தாளத்தில் ஒரே சமயத்தில் நெம்புவார்கள். ராட்ஜர்ஸ் வாளியோடு அவர்கள் நடுவில் நடந்தவர். மதியச் சாப்பாட்டு வேளையில் பாஞ்சோவும் கிட்டாரும் கற்றுக்கொண்டது அவர்களிடம்தான். பின்னாளில் விக்டர் கம்பெனி ஒலித்தட்டுகளில் உலகம் கேட்டதற்கு அந்த வாளிதான் தொடக்கம் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 கரிசல்குரல்

நல்ல தொடக்கம். ஆனால் அவருக்குப் பலரும் தரும் "கன்ட்ரி இசையின் தந்தை" என்ற பட்டத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஃபிட்லின் ஜான் கார்சன் 1923-லேயே அட்லான்டாவில் பாடிப் பதிவு செய்துவிட்டார். அந்தப் பதிவை நடத்தியதும் பிற்பாடு ராட்ஜர்ஸைக் கண்டெடுத்த அதே ரால்ஃப் பியர்தான். 1924-ல் வெர்னன் டால்ஹார்ட்டின் தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. குரலைச் சட்டென்று உடைத்து மேலே தாவவிடும் யோடலிங்கும் புதிதல்ல. கண் பார்வை இல்லாத ரைலி பக்கெட் 1924-ல் யோடல் செய்து பதிவு செய்திருக்கிறார். முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறிய எம்மெட் மில்லரின் குரல் உடைவைக் கேட்டால், ராட்ஜர்ஸுக்கு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானே எழும்.

தட்டும் இருந்தது, விற்பனையும் இருந்தது, யோடலும் இருந்தது. இவர் என்ன புதிதாகக் கொண்டுவந்தார்?

#3 தண்டவாளம்

நான் 34 வருஷம் ரயில்வேல இருந்து ஓய்வு பெற்றவன். பாட்டைப் பத்தி நீங்க பேசுங்க, வேலையைப் பத்தி நான் சொல்றேன்.

அவரை "பாடும் பிரேக்மேன்"னு சொல்றாங்க இல்லையா, அந்த வேலை லேசுப்பட்டதில்லை. வேகன்களைக் கோத்து விடணும், கழட்டணும், ஓடுற வண்டி மேல ஏறி நடந்து கைப்பிரேக்கைச் சுத்தணும், பாதை மாத்திக் கொடுக்கணும், கைவிளக்கு காட்டணும். மழை, குளிர், ராத்திரின்னு பார்க்க முடியாது. அமெரிக்காவுல 1893-ல சட்டம் போட்டுத்தான் தானாப் பூட்டிக்கிற கப்ளரும் காத்துப் பிரேக்கும் கட்டாயமாச்சு. அதுக்கு முன்னாடி விரல் போன பிரேக்மேன்கள் கணக்கில்லாத பேர். ராட்ஜர்ஸ் வேலை பார்த்த காலத்துல கொஞ்சம் பரவாயில்லைன்னாலும், சரக்கு குறைஞ்சா முதல்ல வீட்டுக்கு அனுப்புறது சீனியாரிட்டி இல்லாத பிரேக்மேனைத்தான். முதல் உலகப் போர் முடிஞ்சதும் அப்படித்தான் ஆள் குறைச்சாங்க. அவரும் இருக்கிற வேலை போறதும், வேற லைன்ல சேருறதுமா அலைஞ்சிருக்கார்.

ரயிலைப் பத்திப் பாடினவங்க நிறைய பேர். காசில்லாம வேகன்ல ஒளிஞ்சு போறவனைப் பிரேக்மேன் கீழே இறக்கி விடுற காட்சியை, அந்தப் பிரேக்மேனா இருந்த ஒருத்தரே இறக்கி விடப்பட்டவன் பக்கம் நின்னு பாடினதுதான் எனக்குப் பெருசாப் படுது. தம்பி கரிசல்குரல் கேட்ட கேள்விக்கு இது பதிலாகுமான்னு தெரியலை.

#4 பழையதட்டு

ஐயா சொன்னது பெரிய பதில். அந்தப் பாட்டு 1928 அக்டோபரில் அட்லான்டாவில் பதிவானது. கார்னெட், கிளாரினெட், ஸ்டீல் கிட்டார் எல்லாம் சேர்ந்து வரும். மலைநாட்டு இசை என்று அழைக்கப்பட்ட அன்றைய கன்ட்ரி இசையில் யாரும் எதிர்பார்க்காத சேர்க்கை.

கரிசல்குரலுக்கு என் பதில். டால்ஹார்ட் பயிற்சி பெற்ற பாடகர். ஓபெரா மேடையில் பாடியவர். எந்தக் கதையைக் கொடுத்தாலும் தெளிவாகப் பாடிக் கொடுப்பார். ராட்ஜர்ஸ் பாடும்போது பாட்டில் வரும் "நான்" அவரேதான் என்று கேட்பவர் நம்பினார். வேலை போனவர், நோயாளி, வீட்டை நினைத்து ஏங்குகிறவர், போலீஸுக்கு அஞ்சுகிறவர். பாட்டுக்குள் பாடுகிறவரின் வாழ்க்கையே இருக்கிறது என்ற எண்ணம் கன்ட்ரி இசையின் உயிர் என்றால், அதை நிலைநாட்டியவர் இவர்.

அவருடைய முதல் பதிவு நடந்த பிரிஸ்டல் ஊரின் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டென்னசிக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுக்கோடு அந்த ஊரின் ஸ்டேட் தெருவிலேயே ஓடுகிறது. 1927 ஜூலை 25 அன்று அங்கே ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ரால்ஃப் பியர் மின் மைக்ரோஃபோனோடு உட்கார்ந்தார். முதலில் கூட்டமில்லை. எர்னஸ்ட் ஸ்டோன்மன் என்ற பாடகர் முந்தைய ஆண்டில் ஒலித்தட்டுகளால் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்ததும் மலைக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் கார்ட்டர் ஃபேமிலி என்ற பாடகர் குழு. 4-ஆம் தேதி ராட்ஜர்ஸ்.

அவர் ஒரு குழுவோடு வந்தவர். தட்டில் யார் பெயரைப் போடுவது என்று முந்தின நாள் சண்டை வந்து குழு பிரிந்துவிட்டது. அவர்கள் தனியாகப் பாடினார்கள். இவர் கிட்டாரோடு ஒற்றை ஆளாக இரண்டு பாட்டு பாடினார்: போரில் காதலனை இழந்தவளின் புலம்பல் ஒன்று, யோடலோடு ஒரு பழைய தாலாட்டு. அன்று அந்தச் சண்டை நடக்காமல் இருந்திருந்தால் ஒரு வாத்தியக் குழுவின் பாடகராக இவர் கரைந்து போயிருக்கலாம்.

தட்டு வெளியாகிச் சுமாராக விற்றது. பியர் கூப்பிடுவார் என்று இவர் காத்திருக்கவில்லை. நவம்பரில் தானே நியூயார்க்குக்குப் போய் ஹோட்டலில் அறை எடுத்து, "அடுத்த பதிவுக்கு வந்துவிட்டேன்" என்கிற தோரணையில் பியருக்கு ஃபோன் செய்தார். கையில் காசு கிடையாது. நவம்பர் 30 அன்று நியூஜெர்சியின் கேம்டனில் நான்கு பாட்டு. அதில் ஒன்றுதான் முதல் "ப்ளூ யோடல்". 1928-ல் வெளிவந்து நாடு முழுக்கப் பரவியது.

#5 ஆறாம்தந்தி

கிட்டார் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று.

முதல் ப்ளூ யோடலை எடுத்துப் பார்த்தால் அது சுத்தமான பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாள அளவில் முடியும் கறுப்பின மக்களின் பாட்டு வடிவம். ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு முடிக்கும் வரி. ஒவ்வொரு அடி முடிவிலும் நெஞ்சுக்குரலிலிருந்து சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவுகிறார். ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் யோடல் குதூகலமாக இருக்கும். இவருடைய யோடல் தொண்டை தழுதழுக்கும் இடத்தில் வருகிறது. கறுப்பினத் தொழிலாளி வயல்வெளியில் கூப்பிடும் குரல் உடைவுக்கு அது மிக அருகில் இருக்கிறது. இரண்டையும் ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டியதுதான் அவர் திறமை.

தாளக்கட்டு விஷயத்தில் மட்டும் அவரை நம்ப முடியாது. ஒரு பாரில் இரண்டு எண்ணிக்கை கூட்டுவார், அடுத்ததில் ஒன்றைக் குறைப்பார். தனியாக வாசித்துப் பழகியவர்களுக்கு வரும் பழக்கம் இது. கூட வாசிக்கிறவர்கள் திண்டாடிப் போவார்கள். 1930 ஜூலை 16 அன்று ஹாலிவுட்டில் பதிவான ப்ளூ யோடல் 9-ஐக் கேளுங்கள். ட்ரம்பெட் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ லில் ஹார்டின். ராட்ஜர்ஸ் எங்கே திரும்புவார் என்று பார்த்துப் பார்த்து ஆம்ஸ்ட்ராங் இடைவெளிகளை நிரப்புகிறார். ஒரு பெரிய வித்துவான் இன்னொருவரின் குரலுக்குக் காத்திருந்து ஊதுவதைக் கேட்க அவ்வளவு அழகு.

#6 கரிசல்குரல்

நீங்களே என் வாதத்துக்கு வந்துவிட்டீர்கள். அந்தத் தட்டின் லேபிளில் ஆம்ஸ்ட்ராங் பெயர் இருந்ததா? இல்லை. லில் ஹார்டின் பெயர்? அதுவும் இல்லை. ஜிம்மி ராட்ஜர்ஸ் பெயர் மட்டும்தான்.

இன்னும் ஒரு படி போகிறேன். ப்ளூ யோடல்கள் மொத்தம் 13. அவற்றின் அடிகளில் பல, தெற்கு மாநிலங்களின் கறுப்பினப் பாடகர்கள் வாயில் வருடக்கணக்காகப் புழங்கியவை. ஒருவர் பாட்டிலிருந்து இன்னொருவர் பாட்டுக்கு மிதந்து போகும் வரிகள் அவை, தனி உரிமையாளர் கிடையாது. பியரின் ஏற்பாடு என்ன? விக்டர் கம்பெனியிடம் அவர் வாங்கிய சம்பளம் வெறும் பேருக்குத்தான். பாட்டின் பதிப்புரிமை அவர் கைக்கு வரும் என்பதுதான் ஒப்பந்தம். பாடுகிறவர் "சொந்தப் பாட்டு" கொண்டுவந்தால்தான் அந்த உரிமையைப் பதிவு செய்ய முடியும். ஆகவே ஊர்ப்பொதுவாக இருந்த வரிகள் ஒருவர் பெயரில் பட்டா போடப்பட்டன. பாடியவருக்கு ராயல்டி, பியருக்குப் பங்கு. வாளியில் தண்ணீர் குடித்துக்கொண்டே அந்த வரிகளைச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு?

அந்தக் கேங்கில் இருந்த ஒருவர் பெயரையாவது நம்மில் யாராலும் சொல்ல முடியுமா?

#7 பழையதட்டு

முடியாது. இதை நான் மறுக்கப் போவதில்லை. இழைக்கு இந்தத் தலைப்பு வைத்ததே அதற்காகத்தான்.

ஆனால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். ராட்ஜர்ஸ் பாட்டுகளில் பெரும் பங்கு அவருடைய மனைவி கேரியின் அக்கா எல்சி மெக்வில்லியம்ஸ் எழுதியது. மெரிடியனில் தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். ராட்ஜர்ஸுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. எல்சி வாசித்துக் காட்டக் காட்ட இவர் கேட்டுப் பாடம் செய்துகொள்வார். பல பாட்டுகளில் தன் பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டார் அந்த அம்மா, தங்கை குடும்பம் பிழைக்கட்டும் என்று. டெக்சாஸ் சிறையில் இருந்தபடி பாட்டு எழுதிய ரேமண்ட் ஹாலுடன் சேர்ந்தும் பாட்டு செய்திருக்கிறார். டல்லஸில் அவருக்கு ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் ஜோ கைப்போ என்ற ஹவாய்க்காரர். அவர் குரலுக்குப் பின்னால் இத்தனை கைகள். ஒருவரை மட்டும் "தந்தை" என்று நிறுத்துவதில் பிழை இருக்கிறது என்றால், அந்தப் பிழையைச் செய்தவர்கள் பட்டம் கொடுத்தவர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ராட்ஜர்ஸின் தட்டுகளைக் கறுப்பினக் குடும்பங்களும் வாங்கின. மிசிசிப்பியில் 1910-ல் பிறந்த செஸ்டர் பர்னட் என்ற பையன் அவரைப் போல யோடல் செய்ய முயன்றான், வரவில்லை. ஊளையாக வந்தது, அதையே வைத்துக்கொண்டேன் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர்தான் ஹவ்லின் வுல்ஃப். சிகாகோ ப்ளூஸின் அந்தப் பெருங்குரலுக்குள் ராட்ஜர்ஸின் யோடல் கிடக்கிறது. வாங்கியது திரும்பவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. காசு போய்ச் சேரவில்லை என்ற உங்கள் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

#8 கரிசல்குரல்

ரேமண்ட் ஹால் பற்றி எனக்குத் தெரியாது. எல்சி அம்மாவின் பெயர் இன்னும் பெரிதாகப் பேசப்பட வேண்டியது. பட்டத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. பாட்டுகளை மறுபடி கேட்கத் தொடங்கிவிட்டேன்.

#9 வெள்ளைக்கோட்டு

நுரையீரல் மருத்துவம் பார்ப்பவள். பழையதட்டு சார் முதல் பதிவில் மூச்சைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன்.

1924-ல் அவருக்குக் காசநோய் என்று உறுதியானது, வயது 27. காச நோய்க்கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைக் கொல்லும் மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் பிரித்தெடுக்கப்பட்டதே 1943-ல், அதாவது அவர் இறந்து பத்து வருடம் கழித்து. அதுவரை மருத்துவர்கள் சொன்னதெல்லாம் ஓய்வு, பால், முட்டை, வெயில், உலர்ந்த காற்று. ராட்ஜர்ஸ் டெக்சாஸின் கெர்வில்லில் 1929-ல் வீடு கட்டிக் குடியேறியது அந்த உலர்ந்த காற்றுக்காகத்தான். அந்த ஊருக்கு நுரையீரல் நோயாளிகள் நிறைய பேர் வந்தார்கள்.

யோடல் செய்வதற்கு உதரவிதானத்திலிருந்து காற்றை அழுத்தமாகத் தள்ளி, சட்டென்று குரல்நாண்களை மாற்றிப் பிடிக்க வேண்டும். குழிவிழுந்த நுரையீரலோடு ஒருவர் இதைத் தினமும் மேடையில் செய்தார் என்பதை என் துறையில் இருக்கும் யாரிடம் சொன்னாலும் அதிர்ச்சியடைவார்கள். ஓய்வெடுத்திருந்தால் இன்னும் சில வருடம் கிடைத்திருக்கலாம். ஆனால் ஓய்வெடுக்கப் பணம் வேண்டும். ரயில் வேலையைத் தொடர உடம்பு இடங்கொடுக்கவில்லை, பாடினால்தான் வருமானம். அந்த இக்கட்டை என் நோயாளிகள் பலரிடம் இன்றும் பார்க்கிறேன்.

1931-ல் சான் அன்டோனியோவில் காசநோயைப் பற்றியே ஒரு ப்ளூஸ் பதிவு செய்திருக்கிறார். நோயின் பெயரை வெளியில் சொல்லவே அஞ்சிய காலம் அது. சிங்கம் போலப் போராடுகிறேன், தோற்கப் போகிறேன் என்று தெரிகிறது என்ற பொருளில் வரும். அழுகை இல்லாமல் பாடுகிறார். நான் அதை முழுதாகக் கேட்டு முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

#10 பழையதட்டு

நன்றி டாக்டர். அந்தப் பாட்டுதான் ரேமண்ட் ஹாலுடன் சேர்ந்து செய்தது. சிறைக்குள் இருந்தவரும் நோய்க்குள் இருந்தவரும் சேர்ந்து எழுதியது.

பணம் பற்றி: சம்பாதித்தார், சேர்க்கவில்லை. கெர்வில் வீட்டுக்குச் செலவு 50,000 டாலர் என்று சொல்வார்கள். கார்கள், கிட்டார்கள், கேட்டவர்க்கெல்லாம் உதவி. பொருளாதார வீழ்ச்சி வந்தபோது ஒலித்தட்டு விற்பனை நாடு முழுவதும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அந்த வீட்டை விட்டு சான் அன்டோனியோவுக்கு மாறினார்கள். அப்படிப்பட்ட 1931-லும் நகைச்சுவைக் கலைஞர் வில் ராஜர்ஸோடு வறட்சி நிவாரணத்துக்காகச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொடுத்தார்.

கடைசிப் பயணம். 1933 மே மாதம், நியூயார்க். தனக்குப் பிறகு மனைவி கேரிக்கும் மகள் அனிட்டாவுக்கும் ஏதாவது இருக்க வேண்டும் என்று பியரிடம் பதிவு கேட்டார். கூடவே ஒரு நர்ஸ். ஸ்டூடியோவில் ஒரு கட்டில் போட்டு வைத்தார்கள். ஒரு பாட்டு பாடுவார், படுத்துக்கொள்வார், எழுந்து அடுத்ததைப் பாடுவார். மே 17-ல் தொடங்கி, நடுவில் நாட்கள் விட்டு, 24-ல் முடித்தார். அந்தக் கடைசி நாளில் பதிவான கடைசிப் பாட்டில் துணைக்கு யாரும் இல்லை. பிரிஸ்டலில் போலவே அவரும் கிட்டாரும் மட்டும். 26-ஆம் தேதி விடிவதற்கு முன் டாஃப்ட் ஹோட்டலில் ரத்தம் கக்கி இறந்தார். வயது 35.

உடலை ரயிலில் மெரிடியனுக்குக் கொண்டுபோனார்கள். ஊரை நெருங்கும்போது எஞ்சின் ஓட்டுநர் சீட்டியை இறக்கமான ஒலியில் நீளமாக ஊதிக்கொண்டே வந்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

#11 சவன்னா

வேலைக்காக நைரோபியில் ஐந்து வருடம் இருந்தவன். கென்யாவில் கிப்சிகிஸ் மக்கள் நடுவில் 1950-ல் ஹியூ ட்ரேசி என்ற இசை ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்தபோது "செமிரோச்சா" என்ற பாட்டுகள் கிடைத்தன. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பெயர்தான் அவர்கள் நாக்கில் அப்படி ஆகியிருந்தது. கிராமஃபோன் வழியாக வந்த குரல். இளம்பெண்கள் பாடும் ஒரு பதிவில், பாதி மனிதன் பாதி மான் போன்ற ஒருவனை எங்களோடு வந்து ஆடு என்று கூப்பிடுகிறார்கள். யாழ் போன்ற தந்தி வாத்தியம் அடியில் ஓடும். இசை முழுக்க அவர்களுடையது, பெயர் மட்டும் மெரிடியன்காரருடையது.

கரிசல்குரல் கேட்ட கேள்வி எனக்கு இங்கேயும் வருகிறது. தலைப்பில் ராட்ஜர்ஸ் இருக்கிறார் என்பதற்காகத்தான் உலகம் அந்தப் பதிவைத் தேடிக் கேட்டது. பாடிய பெண்களை யாரும் தேடிப் போகப் பல பத்து வருடங்கள் ஆயின.

#12 மார்கழி

எல்லாவற்றையும் படித்தேன். யோடல் என்றதும் எனக்குச் சந்திரபாபு நினைவுதான் வந்தது, பிறகு கிஷோர் குமார். கிஷோரின் அண்ணன் அனூப்பிடம் இருந்த ஒலித்தட்டுகளில் ராட்ஜர்ஸும் இருந்தார், அதைக் கேட்டுத்தான் கிஷோர் பழகினார் என்று படித்திருக்கிறேன். இதுவரை ராட்ஜர்ஸைக் கேட்டதே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

#13 ஆறாம்தந்தி

முதல் ப்ளூ யோடல், பிறகு ஆம்ஸ்ட்ராங் வாசித்த ஒன்பதாவது. அதற்குப் பிறகு 1929-ல் எடுத்த குறும்படத்தைப் பாருங்கள். அவர் பாடுவதைக் கண்ணால் பார்க்க இருக்கும் படம் அது. ரயில் நிலைய உணவுக்கடை போல அரங்கு அமைத்து, பிரேக்மேன் உடுப்பில் மூன்று பாட்டு பாடுவார். இடது கை தந்திகளில் எவ்வளவு சோம்பலாக நகர்கிறது, குரல் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று கவனியுங்கள்.

அவருடைய மார்ட்டின் கிட்டாரின் பின்புறத்தில் "நன்றி" என்று ஆங்கிலத்தில் தலைகீழாக எழுதியிருக்கும். பாட்டு முடிந்ததும் கிட்டாரைத் திருப்பிக் காட்டுவார். கேரி அதைப் பின்னால் எர்னஸ்ட் டப் என்ற இளம் பாடகரிடம் கொடுத்தார், அவர் நாற்பது வருடம் அதை மேடையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

#14 தண்டவாளம்

நேத்து ராத்திரி பேரன் அந்தக் குறும்படத்தைப் போட்டுக் காட்டினான். ரயில் பாட்டுத் தொடக்கத்துல வாயாலேயே எஞ்சின் சீட்டி ஊதுறார். நான் ஸ்டீம் எஞ்சின் காலத்துல வேலைக்குச் சேர்ந்தவன். ரெண்டு சுரம் சேர்ந்து எழும்பி, கடைசியில காத்து இறங்குற மாதிரி தேயும். அதை அப்படியே பிடிச்சிருக்கார். மறுபடி போடச் சொன்னேன். நாலு தடவை போட்டான்.